கண்ணாடி அறுக்கும் நாட்கள்

அந்தத் தெருவில் யாருக்காவது ஏதாவது மறந்துபோனால் நேராகப் படத்துக்குச் சட்டம் போடும் கடைக்குப் போவார்கள். கடைக்காரரைப் பார்க்க அல்ல, அவர் மனைவியைப் பார்க்க. எதிர்வீட்டுக் குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி என்றைக்கு, தண்ணீர் வண்டி கடைசியாக வந்தது எந்தக் கிழமை, போன வருஷத்து மழையில் விழுந்த மரம் யார் வீட்டுச் சுவரை இடித்தது என்று எதைக் கேட்டாலும் கையிலிருக்கும் வேலையை நிறுத்தாமல் பதில் சொல்லுவாள். கடைக்கு வரும் படங்களின் அளவையும் அவள் எழுதி வைத்ததில்லை. "பதினாறுக்கு இருபது, கறுப்புச் சட்டம், உள்ள மெல்லிசா தங்கக் கோடு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவாரு" என்று ஒப்பிப்பாள். ஒரு விரற்கடை பிசகாது. தெருவில் அவளுக்கு டைரி அக்கா என்று பெயர். அவளைவிட மூத்த ஆட்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

அவள் புருஷன் பிரேம்காரருக்கு இதில் உள்ளூரப் பெருமை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். "வீட்ல ஒரு போலீஸ் ஸ்டேஷனை வெச்சுக்கிட்டு குடும்பம் நடத்துறேன்யா, முப்பது வருஷத்துக்கு முன்னாடி நான் கொட்டாவி விட்டதுகூட பதிவாகியிருக்கு" என்பார்.

அவருடைய நெஞ்சுக் கோளாறு வெளியே வந்தது ஒரு கண்ணாடித் தகட்டைத் தூக்கும்போது. நாற்பது வருஷமாகத் தூக்குகிற தகடுதான். மேஜைக்குக் கொண்டுபோவதற்குள் மூச்சு வாங்கியது. தகட்டைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்கு முன்பே கால் வீங்கிக்கொண்டிருந்தது. செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக நின்றது. மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று சுவரில் இருக்கும் பல்லியை ஆராய்வதுபோல் நடிப்பார். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தாறுமாறாகப் புரண்டுகொண்டிருப்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பை மட்டுமே பார்க்கும் டாக்டரம்மா ஒருத்தர் இருந்தார். குட்டையானவர், பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டாக இருக்கும். மூன்று மாச வைத்தியத்துக்குப் பிறகு ஒருநாள் ஸ்கேனைக் காட்டி விளக்கினார்.

"உங்க இதயத்துல மேல் அறை ரெண்டும் அடிக்கல, வெறுமனே நடுங்கிக்கிட்டிருக்கு. கீழ் அறை அதுக்கு ஈடுகொடுத்து ஓடி ஓடித் தளர்ந்துபோச்சு. நூத்துக்கு அறுபது பங்கு ரத்தத்தைத் தள்ள வேண்டிய இடத்துல முப்பதுதான் தள்ளுது. அதான் கால்ல நீர், அதான் மூச்சு வாங்குது."

"மாத்திரையில சரியாகாதா டாக்டர்?" என்று டைரி அக்கா கேட்டாள்.

"மூணு மாசமாக் குடுத்துப் பார்த்தாச்சே. இனிமே அப்லேஷன் பண்ணலாம்னு நினைக்கிறேன். தொடையில இருக்குற ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒரு குழாயை இதயத்துக்குள்ள விட்டு, தப்பா மின்சாரம் கிளம்புற இடத்தைச் சுத்திச் சுட்டு விட்டுடுவோம். நடுக்கம் நின்னா கீழ் அறைக்குக் கொஞ்சம் ஓய்வு. மறுபடி பலம் வர வாய்ப்பு இருக்கு. எல்லாருக்கும் வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். உங்களுக்கு வரும்னு எனக்குத் தோணுது."

"உள்ள நெருப்பு வைக்கப் போறீங்க" என்றார் பிரேம்காரர்.

"சின்னதா."

"புகை வருமா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மேஜையில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்து ரோஜா நிறத்தில் இருந்த சின்ன மாத்திரையைக் காட்டினார். "இதுதான் முக்கியம். ரத்தம் உறையாம இருக்கிறதுக்கு. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. நடுங்குற அறையில ரத்தம் தேங்கும், தேங்கினா உறையும். அந்தத் துண்டு மூளைக்குப் போச்சுன்னா ஒரு பக்கம் விழுந்துடும். ஆபரேஷனுக்கு முன்னாடி தொண்டை வழியா ஸ்கேன் குழாயை விட்டுப் பார்ப்பேன். கட்டி இருந்துதுன்னா உங்களை நான் தொடவே மாட்டேன், திருப்பி அனுப்பிடுவேன்."

"அதை என்கிட்ட விட்டுடுங்க டாக்டர்" என்றாள் டைரி அக்கா.

ஆபரேஷனுக்கு ஐந்து வாரத்தில் நாள் கிடைத்தது. அந்த ஐந்து வாரமும் அவள் வீட்டை ஆஸ்பத்திரியாக்கிவிட்டாள். உப்பு ஜாடி அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிற்று. காலையில் ஒன்றரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்து, "இதுக்கு மேல ஒரு சொட்டு கிடையாது, டீயும் இதுலதான் கழியும்" என்று சொல்லிவிட்டாள். தினமும் எடை பார்த்தாள். காலைக் கஞ்சி முடிந்ததும் உள்ளங்கையில் மாத்திரைகளோடு வந்து நிற்பாள். அவர் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்த பிறகுதான் நகர்வாள். சாயங்காலமும் அப்படியே. பள்ளிக்கூட டீச்சராக இருக்கும் மகள் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். அவள் ஃபோனில், "அம்மா, குடுத்தியா?" என்று கேட்கும்போதெல்லாம், "என்னைப் பார்த்தா கேக்குற?" என்று இவள் சிரிப்பாள்.

வாயில் போட்ட மாத்திரை தொண்டைக்குள் போயிற்றா என்று அவளுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. புருஷனைப் போய் யார் அப்படிச் சந்தேகப்படுவார்கள்?

கோளாறு கண்ணாடியிலிருந்து வந்தது.

செவ்வாயும் வெள்ளியும் அவருக்குக் கண்ணாடி அறுக்கும் நாட்கள். அந்த வாரத்துப் படங்களுக்கெல்லாம் சேர்த்து மேஜையில் தகட்டை விரித்து, அளவுகோல் வைத்து, சக்கரக் கத்தியால் ஒரே இழுப்பாகக் கீறித் தட்டி உடைப்பார். இந்தத் தொழிலில் விரலில் கீறல் விழாத வாரம் கிடையாது. விரலை வாயில் வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு அடுத்த தகட்டுக்குப் போய்விடுவார்கள். ரோஜா மாத்திரை வந்த பிறகு அது நடக்கவில்லை. நூல் அளவு கீறல், அரை மணி நேரம் கசியும். துணியைச் சுற்றினால் துணி நனையும்.

மாத்திரை தொடங்கிய புதிதில், ஆபரேஷன் பேச்சே எழாத சமயத்தில், ஒரு லாரிக்காரர் இறந்துபோன மனைவியின் படத்தைக் கொண்டுவந்திருந்தார். உள்ளங்கை அளவுப் படம். அந்த அம்மாவுக்கு இருந்ததே அந்த ஒரு படம்தான். பிரேம்காரர் அதைச் சட்டத்துக்குள் பொருத்தும்போது கட்டைவிரல் துணியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் படத்தின் ஓரத்தில், தோள்பட்டையில் விழுந்தது. பதறிப்போய்த் துடைத்தார். துடைக்கத் துடைக்கப் பரவியது. பழைய காகிதம் அதைக் குடித்துவிட்டது.

நாற்பது வருஷத்தில் அடுத்தவர் படத்தின்மேல் கைரேகைகூடப் பதியவிட்டதில்லை அவர். அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, வெள்ளை அட்டையில் முட்டை வடிவத்தில் ஒரு திறப்பு வெட்டி, முகம் மட்டும் தெரியும்படி படத்தின்மேல் வைத்து, கறையை அட்டைக்கு அடியில் மறைத்தார். லாரிக்காரர் வந்து பார்த்தார். "இப்படி வெச்சா முகம் இவ்வளவு எடுப்பா இருக்கும்னு உங்களுக்குத்தான் தோணியிருக்கு அண்ணே" என்று அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்து, "பாவம், எங்களுக்காகக் கையை வேற அறுத்துக்கிட்டீங்க" என்றார். பிரேம்காரருக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அவர் போனதும் டைரி அக்கா கேட்டாள்.

"ஏங்க, அவர் சதுரமா முழுப் படமும் தெரியணும்னுல்ல சொன்னாரு?"

"முட்டை வடிவம்னுதான் சொன்னாரு."

"இல்லையே. நான் பக்கத்துலதான நின்னேன்."

"நீ மறந்துட்டே."

"அப்படியா?" என்றாள். அந்த "அப்படியா"வில் ஒரு சின்னத் தடுமாற்றம் இருந்தது. அவர் அதைக் கவனித்தார். கவனித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு அட்டைத் தூசியைப் பெருக்கினார்.

அப்புறம்தான் அவர் மனசுக்குள் அந்தக் கோணல் புத்தி முளைத்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்த வாரத்திலிருந்து நடைமுறைக்கும் வந்தது. கண்ணாடி அறுக்கும் நாள் காலையிலும் அதற்கு முந்தின சாயங்காலமும் ரோஜா மாத்திரை வேண்டாம். மற்ற நாளெல்லாம் ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் போதும். வாரத்தில் இரண்டு நாள் கொஞ்சம் ரத்தம் கெட்டியாக இருந்தால் குடியா முழுகிப்போகும்? பூஞ்சை உடம்புக்காரர்களுக்குச் சொல்கிற கண்டிப்பை எல்லாருக்கும் சொல்கிறார்கள் என்று தனக்குத்தானே டாக்டராகிக்கொண்டார்.

அவள் கையிலிருந்து மாத்திரைகளை வாங்குவார். ரோஜா மாத்திரையை மட்டும் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மற்றதை விழுங்குவார். கடைக்குப் போனதும் எடுத்துத் துடைத்துக் காகிதத்தில் மடிப்பார். மருந்தைக் குப்பையில் போட மனசு வரவில்லை, போட்டால் அவள் கண்ணில் படும் என்ற பயமும் உண்டு. கடைச் சுவரில் பத்து வருஷமாக யாரும் வாங்காத ஒரு அருவிப் படம் தொங்கிக்கொண்டிருந்தது. "இந்த அருவி என்னைக்கு வத்துமோ" என்று அவள் கேலிசெய்வாள். சட்டம் போடுகிறவனுக்கு ஒளிக்க இடம் தேடவேண்டுமா என்ன? படத்துக்கும் பின் அட்டைக்கும் நடுவில் மடித்த காகிதங்களைச் செருகி ஆணியை அழுத்திவிட்டார். அந்த ஐந்து வாரமும் அவர் கையிலிருந்து ஒரு சொட்டு எங்கும் விழவில்லை. கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டோம் என்றே நினைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் நாளன்று காலையில் அவரை நீலச் சட்டை மாட்டி உள்ளே கொண்டுபோனார்கள். தொண்டையில் மருந்து தெளித்தார்கள், கையில் ஊசி போட்டார்கள். கண் செருகியது. திரும்ப நினைவு வரும்போது தள்ளுகட்டிலில் ஒரு தாழ்வாரத்தில் கிடந்தார். தொடையில் கட்டு ஏதாவது இருக்கிறதா என்று கையால் துழாவினார். ஒன்றும் இல்லை. திறந்திருந்த கதவுக்கு அந்தப்புறம் டாக்டரம்மாவின் குரல் கேட்டது.

"இடது மேல் அறையில பை மாதிரி ஒரு மூலை இருக்கு. அதுல கட்டி இருக்கு. இன்னைக்கு உள்ள போனா அது பிச்சுக்கிட்டு மூளைக்குப் போயிடும். ரெண்டு மாசம் மாத்திரை குடுத்துக் கரைச்சிட்டு மறுபடி பார்க்கணும். அந்த ரெண்டு மாசம் அந்தத் தளர்ந்த இதயம் தாங்கணும். ரோஜா மாத்திரையை ஒழுங்காக் குடுத்தவங்களுக்கு இது வர்றது குறைச்சல். யார் குடுத்தீங்க?"

"நான்தான் டாக்டர்."

"எதாவது தவறிச்சா? உண்மையைச் சொல்லுங்க. திட்டுறதுக்குக் கேக்கல."

"இல்லையே டாக்டர். ரெண்டு வேளையும் என் கையாலதான்..." குரல் இழுத்தது. "ஒரு வாரம் புது அட்டை வாங்கினப்ப... அந்தக் கால் நீர் மாத்திரையும் சின்னதா இருக்கும். மாத்தி எடுத்திருப்பனோ?"

"அம்மா!" இது மகள். "எடுத்திருப்பனோன்னா என்ன அர்த்தம்? நினைவு இல்லையா உனக்கு?"

"இருக்கு... இருக்குன்னுதான் நினைச்சேன்."

"உன்னை நம்பி விட்டேன் பாரு. என்னைச் சொல்லணும்."

பிரேம்காரருக்கு முழுத் தெளிவு வந்துவிட்டது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். தொண்டை மரத்திருந்தது உண்மைதான், ஆனால் பேச முடியாத அளவுக்கு மரத்திருக்கவில்லை. பக்கத்தில் வந்த நர்ஸ், "ஐயா முழிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்தார். வெட்கம் என்றால் இன்னதென்று அந்த நிமிஷத்தில்தான் அவருக்குத் தெரிந்தது. லாரிக்காரர் விஷயமெல்லாம் இதற்கு முன்னால் தூசி.

இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நாட்கள் போயின. சொல்லாமல் விட்ட ஒவ்வொரு நாளும் சொல்லவேண்டியது பெரிதாகிக்கொண்டே போயிற்று.

மாத்திரைப் பொறுப்பை மகள் எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு தடவை, வந்தபின் ஒரு தடவை வந்து பெட்டியைத் திறந்து கொடுத்தாள். அவர் இப்போது ஒரு வேளை விடாமல் நிஜமாகவே விழுங்கினார். கண்ணாடியை அறுத்தே தரும்படி கண்ணாடிக் கடையில் சொல்லிவிட்டார். ஒரே ஒரு ஃபோன் பேச்சில் முடிந்துவிட்டது. முதலிலேயே இதைச் செய்திருக்கலாம். அப்போது, நாற்பது வருஷத் தொழில்காரன் அறுத்த கண்ணாடியை வெளியில் வாங்குவதா என்று கௌரவம் பார்த்தார்.

மகள் மாத்திரை கொடுக்கும்போது டைரி அக்கா சமையலறையை விட்டு வெளியே வரமாட்டாள். அடுப்படியில் ஒன்றுக்கு இரண்டு தடவை பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்கும். கொஞ்ச நாளில் கடையிலும் அவளுடைய தடுமாற்றம் தெரிந்தது. அளவு சொல்லிவிட்டுப் போகும் ஆளை வாசல்வரை போய்க் கூப்பிட்டு, "பதினாலுக்கு பதினெட்டா, பதினெட்டுக்கு பதினாலா?" என்று கேட்டாள். அடுத்த வாரம் காகிதத் துண்டில் எழுத ஆரம்பித்தாள். அதற்கடுத்த வாரம், "நீங்களே கேட்டு எழுதிக்குங்க. என்னை நம்பாதீங்க" என்று உள்ளே போய்விட்டாள். சமையலறைச் சுவரில் அவள் எழுதி ஒட்டிய துண்டுகள் பெருகின. 'அடுப்பை அணை.' 'பின் கதவு.' 'அவருக்கு உப்பு போடாதே.' தடுப்பூசித் தேதி கேட்டு வந்த எதிர்வீட்டுப் பெண்ணிடம், "எனக்குத் தெரியலைம்மா" என்றாள். அந்தப் பெண் அக்காவுக்கு என்ன கோபமோ என்று நினைத்துக்கொண்டு போனாள்.

ஒருநாள் மத்தியானம் உப்பில்லாத சோற்றை அவருக்குப் பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

"எப்படி?"

"மொதல்ல சின்னச் சின்னதா. தான் செஞ்சது செய்யாதது தெரியாது. அப்புறம் என்னையே யாரு நீன்னு கேட்டாங்க. எனக்கும் வந்துடுச்சு போல."

"சும்மா இரு. உனக்கு என்ன வயசாச்சு?"

"இல்லைங்க, யோசிச்சுப் பார்த்துட்டேன். அந்த லாரிக்காரர் படத்துலயே ஆரம்பிச்சிருக்கு. அவர் சதுரம்னு சொன்ன மாதிரி இப்பவும் என் காதுல கேக்குது. நீங்க இல்லைன்னீங்க. அப்பவே நான் டாக்டரைப் பார்த்திருக்கணும். பார்த்திருந்தா உங்க மாத்திரையை நான் தொட்டிருக்க மாட்டேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னால உங்க உசுருக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னாங்க பண்ணுவேன்?"

சோறு அவர் வாயில் நின்றது. மென்று விழுங்கினார். இப்போது சொல், இப்போது சொல் என்று நெஞ்சு அடித்தது. அதுவும் ஒழுங்காக அடிக்கவில்லை. "கொஞ்சம் குழம்பு ஊத்து" என்றார். அவள் ஊற்றினாள். அவர் சாப்பிட்டு முடித்தார். தட்டில் ஒரு பருக்கைகூட மீதி வைக்கவில்லை.

மகள் அம்மாவை மறதிக்குப் பார்க்கும் டாக்டரிடம் காட்ட ஏற்பாடு செய்தாள். அதே ஆஸ்பத்திரி. பிரேம்காரருக்கு ரத்தம் சோதிக்கும் நாளும் அதுதான். மூவரும் பஸ்ஸில் போனார்கள். அவர் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. தாழ்வாரத்து நாற்காலியில் மகளோடு உட்கார்ந்து காத்திருந்தார். கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக அவள் முதுகு தெரிந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் குனிந்து எதையோ வரைந்துகொண்டிருந்தாள். அவள் தோள் அசையாமல் விறைப்பாக இருந்தது.

வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"என்னம்மா கேட்டாங்க?"

"கடிகாரம் போடச் சொன்னாங்க, போட்டேன். அப்புறம் மூணு வார்த்தை சொல்லி மனசுல வெச்சுக்கச் சொன்னாங்க. கொஞ்சம் கழிச்சுத் திருப்பிக் கேட்டாங்க." அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டுதான் வந்துச்சு. குடை, ஆப்பிள். இன்னொண்ணு... அடுத்த வாரம் ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்காங்க."

ஒரு தெருவையே தலைக்குள் வைத்திருந்தவள். பயத்தில் ஒரு வார்த்தை நழுவியிருக்கிறது, யாருக்கும் நழுவும். அது அவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவள் உதடு அந்த மூன்றாவது வார்த்தையை இன்னும் தேடிக்கொண்டிருந்தது.

"நீ எதையும் மறக்கலை" என்றார்.

"விடுங்க."

"மறக்கலைன்னு சொல்றேன்ல. நீ குடுத்த மாத்திரையை நான்தான் முழுங்கலை. கன்னத்துல ஒதுக்கி வெச்சுக் கடையில போய்த் துப்பினேன். கண்ணாடி அறுக்கும்போது ரத்தம் நிக்கலை, அதுக்காக. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

சொல்லிவிட்டார். இடி விழும் என்று காத்திருந்தார். விழவில்லை. மகள் அவர் தோளில் கையை வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அப்பா, அம்மா மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு உங்க தலையில போட்டுக்காதீங்க. அப்படிப் பண்ணினா அம்மாவுக்கு வைத்தியம் தள்ளிப்போகும்."

"நிஜமாத்தான் சொல்றேன்."

"தெரியும்ப்பா. நீங்க இப்படித்தான்."

டைரி அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை வாரமாக அவள் முகத்தில் இல்லாத ஒரு வெளிச்சம் அதில் இருந்தது. "எனக்காகப் பொய் சொல்றீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். ஆஸ்பத்திரி என்றும் பாராமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத்தனை வருஷத்துல எனக்காக நீங்க ஒரு பொய் சொன்னதில்ல."

பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை விடாமல் வந்தாள். வெளியே தூறல் போட்டது. ஜன்னல் கம்பியில் நீர் வழிந்தது. உள்ளதைச் சொல்லியாயிற்று, அவர்கள் நம்பாததற்கு நான் என்ன செய்வது என்று ஒரு நினைப்பு அவருக்குள் பூனைபோல் வந்து உட்கார்ந்தது. விரட்டினார். இரண்டு நிறுத்தம் போவதற்குள் திரும்பவும் வந்தது. இப்படியே விட்டால் அவர் நல்லவர், அவள் மறதிக்காரி. அந்த நினைப்பு சுகமாக இருந்தது என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

இறங்கியதும் வீட்டுக்குள் போகாமல் கடையைத் திறந்தார். "ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்றார். ஸ்டூலில் ஏறினார். "அப்பா, மூச்சு வாங்கும், இறங்குங்க" என்று மகள் கத்தினாள். அவர் அருவியைக் கழற்றிக்கொண்டு இறங்கி, மேஜையில் குப்புறப் போட்டு, குறடால் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பின் அட்டையைத் தூக்கினார்.

மடித்த காகிதங்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைப் பிரித்து வைத்தார். ரோஜா நிறம் கொஞ்சம் வெளுத்த மாத்திரை ஒன்று மேஜையில் உருண்டது. மகள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

டைரி அக்கா கிட்டே வந்தாள். மீதிக் காகிதங்களை அவளே ஒவ்வொன்றாகப் பிரித்தாள், அவசரப்படாமல். எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்தாள்.

"இருபத்திரெண்டு" என்றாள்.

"கண்ணாடி அறுக்குற நாளுக்கு இருபது. மீதி ரெண்டு... ஒரு அவசர வேலை வந்துச்சு, அந்த ஞாயித்துக்கிழமை..." என்று அவர் ஆரம்பித்தார்.

"இருபத்தி மூணாம் தேதி. பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாப் படம், ஆறு. எனக்கு ஞாபகம் இருக்கு." அவள் குரல் உயரவே இல்லை. "அன்னைக்கு அந்த டாக்டரம்மா என்னைக் கேட்டப்ப நீங்க முழிச்சிருந்தீங்களா?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "முழிச்சிருந்தேன்."

"நான் எங்கம்மாவைப் பத்திச் சொன்னப்ப எதிர்ல உக்காந்து சாப்பிட்டீங்க. குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க."

"ஆமா."

"அப்பா..." என்று மகள் ஏதோ சொல்ல வந்தாள். தாய் கையைக் காட்டி நிறுத்தினாள். இன்னும் ஒரு கேள்வி மீதி இருந்தது. அதைக் கேட்கும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

"அந்த லாரிக்காரர்... சதுரம்னுதான சொன்னாரு?"

"சதுரம்னுதான் சொன்னாரு."

அவள் தலையை ஆட்டினாள். மாத்திரைகளைக் கையால் கூட்டி ஒரு காகிதத்தில் போட்டு மடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். மகள் தகப்பனைப் பார்க்காமலே அம்மா பின்னாலேயே போய், சமையலறை வாசலில் நின்று, "என்னை மன்னிச்சிடும்மா" என்றது கடைவரை கேட்டது. பிரேம்காரர் சட்டத்தையும் அருவியையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா சொன்ன இரண்டு மாசம் முடிந்து தொண்டை வழியாக மறுபடி பார்த்தபோது கட்டி கரைந்துபோயிருந்தது. அப்லேஷன் செய்தார்கள். ரத்தம் கசியாமலிருக்கத் தொடையில் மணல்மூட்டை வைத்துப் படுக்கப் போட்டார்கள். முதல் சில வாரம் அவ்வப்போது துள்ளிய நெஞ்சு பிறகு அடங்கியது. அடுத்த ஸ்கேனில் ரத்தம் தள்ளும் பங்கு முப்பதிலிருந்து நாற்பத்தைந்தாகியிருந்தது. கால் வீக்கம் வற்றியது. மாடிப்படியில் பல்லி பார்க்கவேண்டிய அவசியம் இல்லாமல்போயிற்று. "உங்க அதிர்ஷ்டம், இந்த இதயம் காத்திருந்துச்சு" என்றார் டாக்டரம்மா. டைரி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த தேதியைக் குறித்துக்கொண்டாள். எழுதித்தான் குறித்துக்கொண்டாள்.

அவளுடைய ஸ்கேனில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "மூணாவது வார்த்தை நாற்காலி" என்று அந்த முடிவு வந்த சாயங்காலமே அடுப்படியிலிருந்து சத்தமாகச் சொன்னாள். தெருக்காரர்கள் திரும்பவும் தேதி கேட்டு வந்தார்கள். சொன்னாள். ஆனால் சொல்லுமுன் உள்ளே போய் ஒரு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். சமையலறைச் சுவரில் இருந்த துண்டுகளைக் கிழிக்கவில்லை. அவருக்கு வேளாவேளைக்குக் கஞ்சி வந்தது, தண்ணீர் பாட்டில் வந்தது, மாத்திரையும் அவள் கையிலிருந்தே வந்தது. அவர் கேட்காமலே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவார். அவள் பார்க்காமல் போய்விடுவாள்.

ஒருநாள் காலையில், "லாரிக்காரர்கிட்ட எப்பச் சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். அவளும் கூட வருவதாகச் சொன்னாள். கதவைப் பூட்டிக்கொண்டு தெருவில் பத்தடி நடந்திருப்பார்கள். அவள் நின்றாள்.

"அடுப்பை அணைச்சேனா?"

"அணைச்சிட்டே. நான் பார்த்தேன்" என்றார் அவர். உண்மையாகவே பார்த்திருந்தார். அவள் குமிழைத் திருகியதை, ஒரு தடவை தொட்டுச் சரிபார்த்ததை, எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை.

"நீங்க சொல்றீங்க" என்றாள்.

சாவியை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. பிரேம்காரர் நடுத்தெருவில் காத்துக்கொண்டு நின்றார். நெஞ்சு ஒரு அடி பிசகாமல் அடித்துக்கொண்டிருந்தது.